தூசிக்கும் மேனேஜருக்கும் ஆகாது

ஜனவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதறேன். ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு எதுக்குக் கடிதாசின்னு நீ முகத்தைச் சுளிப்பே. ஃபோன்ல நான் ஒண்ணு சொன்னா நீ ஒண்ணு கேட்டுக்கறே. போன வாரம் "பாப்பாகிட்டப் போறேன்"னு சொன்னதுக்கு, "சாப்பிடவா, இந்நேரத்துக்கா?"ன்னு கேட்டே. அச்சகத்து மெஷின் உன் காதைத் தின்னுடுச்சு. அதனால எழுதியே தந்துடறேன். உன் உடம்பு எப்படி இருக்கு? உன் வீட்டுக்காரிக்கு முதுகு வலி தேவலையா? நான் நல்லாத்தான் இருக்கேன்.

பாப்பாவுக்கு ஒரு சின்ன வைத்தியம் இருக்காம். ஆஸ்பத்திரியில கொஞ்ச நாள் தங்கணும். அந்த தூர தேசத்துல அவளுக்குன்னு யாரும் இல்ல, ஆபீஸ்ல கூட வேலை பார்க்கற பிள்ளைங்கதான். அவங்கப்பா போனப்புறம் அவளுக்கு அம்மா நான் ஒருத்தி, எனக்கு மக அவ ஒருத்தி. கண்ணாடிக் கடை முதலாளிகிட்ட மூணு வாரம் லீவு சொல்லிட்டேன்.

இப்ப பூனைங்க விஷயம். பஸ் டிப்போவுக்குப் பின்னால பிராணிகளை வெச்சுப் பார்த்துக்கற இடம் ஒண்ணு இருக்கில்ல, அங்க ரெண்டையும் கூடையில தூக்கிட்டுப் போனேன். அரை மணி நேரத்துல அந்தம்மா வெளிய வந்து, "ஏதாவது ஒண்ணை விட்டுட்டுப் போங்க, ரெண்டும்னா என்னால ஆகாது"ன்னுட்டா. அவ கையில கீறல்.

உனக்குத்தான் தெரியுமே. மேனேஜர் என் பூனை. குண்டு, கிழவன், எல்லா நாற்காலியும் தனக்குன்னு நினைப்பு. தூசி பாப்பாவோடது. காரோட பானெட்டுக்குள்ள இருந்து அவளே எடுத்து வளர்த்தது. வேலைக்குப் போகும்போது என் தலையில கட்டிட்டுப் போனா. அன்னியிலிருந்து ரெண்டுக்கும் ஜென்மப் பகை. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவுல உள்ள கதவு எப்பவும் சாத்தியே இருக்கணும். காலையில கூடம் மேனேஜருக்கு, சாயங்காலம் தூசிக்கு. மாத்தும்போது ஒண்ணைச் சமையலறையில போட்டு அடைச்சுட்டு இன்னொண்ணை விடு. ஒண்ணோட தட்டுல இன்னொண்ணுக்குச் சோறு வைக்காதே. மோந்து பார்த்துட்டு அன்னிக்குப் பூரா பட்டினி கிடக்கும்.

உன் வீட்டுக்காரிக்குப் பூனைன்னாலே ஆகாதுன்னு தெரியும். அவளை இழுக்க வேண்டாம். நீ மட்டும் வந்து பார்த்துக்கறியா? கேட்கறதுக்கு எனக்கு வேற யாரு.

அக்கா


ஜனவரி 8

அன்புள்ள அக்கா,

நாங்க சௌக்கியம். அவ முதுகு வலி மழை வந்தா வருது, வெயில் வந்தா போகுது. நீ கவலைப்படாமப் போயிட்டு வா. ஷிப்ட் முடிஞ்சு நேரா உன் வீட்டுக்குப் போயிடறேன், ராத்திரி அங்கேயே படுத்துக்கறேன். அவகிட்டச் சொன்னேன். "நல்லதாப் போச்சு, உங்க குறட்டை இல்லாம நானும் கொஞ்ச நாள் தூங்கறேன்"னா.

ஒண்ணு கேட்கணும். பூனைங்க எந்த நேரத்துக்கு எந்த ரூம்ல இருக்கணும்னு அத்தனை விவரமா எழுதியிருக்கே. பாப்பாவுக்கு என்ன வைத்தியம்னு ஒரு வார்த்தை எழுதல. எதுக்கு அது?

சாவியைக் கண்ணாடிக் கடையில கொடுத்துடு. போய்ச் சேர்ந்ததும் எழுது.

தம்பி


பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

நல்லபடியா வந்து சேர்ந்தேன். நீயும் அவளும் சுகம்தானே? பாப்பா வீடு அஞ்சாவது மாடி, சின்ன ரூம், சுவர் முழுக்கப் பாலத்துப் படம் ஒட்டி வெச்சிருக்கா. இவ வேலையில வரையற பாலத்து மேல நிஜ லாரி போகும்னா எனக்கு நம்ப முடியல. அவளை வார்டுல சேர்த்தாச்சு. காலையில போனா சாயங்காலம் வரைக்கும் கூட இருக்க விடறாங்க. நாற்காலி ஒண்ணுதான் கொடுமை, முதுகு வெக்க இடமில்ல.

உன் கடிதாசியை அவளுக்குப் படிச்சுக் காட்டினேன். குறட்டை விஷயத்துக்கு அப்படிச் சிரிச்சா, நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தா. ஒவ்வொரு வாரமும் எழுதச் சொல்றா, பூனைங்க ரெண்டும் என்ன பண்ணுதுன்னு. "மாமா இருக்கும்போதே ரெண்டையும் சேர்த்து வெச்சுடணும்மா, நீ எத்தனை வருஷம்தான் கதவைத் திறந்து திறந்து மூடுவே?"ங்கறா. ஒரு யோசனையும் சொல்றா. ஒரு துண்டால தூசியை நல்லாத் துடைச்சு, அந்தத் துண்டை மேனேஜர் தட்டுக்குப் பக்கத்துல போடணுமாம். வாசனை பழகினா ஆளும் பழகிடுமாம்.

அவ முடியை ஒட்ட வெட்டி விட்டுட்டேன். கொத்துக் கொத்தா வந்துக்கிட்டிருந்துச்சு. சின்ன வயசுல மொட்டை போட்டப்ப இருந்த அதே முகம்.

மூணு வாரம்ங்கறது கொஞ்சம் கூடும் போல. கடை முதலாளிகிட்ட நீயே சொல்லிடு.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கும் பாப்பாவுக்கும்,

இங்க எல்லாரும் இருக்கோம். என் வலது கை மட்டும் கட்டுப் போட்டிருக்கு, அதனால எழுத்து கோணல் மாணலா இருக்கும், பொறுத்துக்கங்க.

பாப்பா சொன்னபடி துண்டால துடைச்சேன். தூசி சமர்த்தா நின்னுச்சு. துண்டை மேனேஜர் தட்டுக்குப் பக்கத்துல போட்டேன். மோந்துச்சு. என்னை நிமிர்ந்து பார்த்துச்சு. அப்புறம் அந்தத் துண்டு மேலயே வாலைத் தூக்கி, செய்யக் கூடாததைச் செஞ்சுட்டுப் போயிடுச்சு. சரி, வாசனை வேண்டாம், நேராவே அறிமுகம் பண்ணிடலாம்னு கதவை ஒரு விரக்கடை திறந்தேன். அது என் முட்டாள்தனம். நடுவுல என் கை இருந்துச்சு.

சத்தம் கேட்டு எதிர் வீட்டுக்காரர் வந்து, குழந்தை யாராவது விழுந்துட்டாங்களான்னு கேட்டார். அவர் கேட்டதே எனக்கு ரெண்டு தரம் சொன்னப்புறம்தான் காதுல விழுந்துச்சு. நடந்ததைச் சொல்லவே வெக்கமாப் போச்சு.

தூசிக்கு அப்புறம் பயம் பிடிச்சுக்கிச்சு. கட்டிலுக்கு அடியிலிருந்து வரல, சாப்பிடல. வேற வழி தெரியாம எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டேன். பாப்பா, உன் அத்தை வாசல்லயே நின்னா. நான் என்ன சொல்லலாம்னு யோசிக்கறதுக்குள்ள, "இஸ்திரி போடற ரூம்ல விடுங்க, வேற எங்கயும் வரக் கூடாது"ன்னா. இப்ப மேனேஜர் உன் வீட்ல, தூசி எங்க வீட்ல. நான் அங்க படுக்கறேன், அவ இங்க படுக்கறா. ரெண்டு பூனைக்கும் ஆகலைன்னு புருஷன் பொண்டாட்டியைப் பிரிச்சு வெச்சாச்சு.

அக்கா, இதுக்குக் கீழ உள்ளதைப் பாப்பாவுக்குப் படிக்காதே. சின்ன வைத்தியத்துக்கு முடி கொத்துக் கொத்தா கொட்டாது. என்னன்னு சொல்லு. நான் உன் தம்பி.

தம்பி


மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

கை ஆறிடுச்சா? ஊசி போட்டுக்கிட்டியா? அலட்சியமா விட்டுடாதே.

ரத்தத்துல. போன வருஷக் கடைசியிலயே கண்டுபிடிச்சுட்டாங்க. என்கிட்ட அவ சொன்னதே நான் இங்க வர்றதுக்கு ரெண்டு வாரம் முந்திதான். ஊர்ல யாருக்கும் தெரியக் கூடாதுன்னா. பரிதாபப்பட்டுப் பேசறவங்க குரலைக் கேட்டா எரிச்சல் வருதாம் அவளுக்கு. நீ என் தம்பிதான். உன்கிட்ட எழுதணும்னு எத்தனையோ தடவை பேனாவை எடுத்தேன். எழுதிட்டா அது நிஜமாயிடும்னு ஒரு பயம். வேற ஒண்ணுமில்ல.

மருந்து கேட்கும்னு சொல்றாங்க. அவங்க சொல்ற முறையைப் பார்த்தா எனக்கு ஒண்ணும் புரியல.

ஒரு உபகாரம் பண்ணு. தினமும் கேட்கறா, பூனைங்க ரெண்டும் சேர்ந்துச்சான்னு. உன் கை கிழிஞ்ச கதையைப் படிச்சப்ப சிரிச்சா. சிரிச்சு முடிச்சுட்டு, "அப்ப சேரவே சேராதா?"ன்னு கேட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. சேர்ந்துடுச்சுன்னு எழுது. பொய்யா இருந்தாலும் பரவாயில்ல. தனித் தாள்ல எழுது.

நீ கிளம்பி வர்றேன்னு நிக்காதே. நீயும் வந்துட்டா அதுங்களை யார் பார்ப்பா.

அக்கா


மார்ச் 19

என் பாப்பாவுக்கு,

மாமா எழுதறேன். உடம்பைப் பார்த்துக்கம்மா. அம்மாவைக் கொஞ்சம் நடக்கச் சொல்லு, ஒரே நாற்காலியில உக்காந்திருந்தா கால் வீங்கும் அவளுக்கு.

ஒரு நல்ல சேதி. உன் தூசியும் மேனேஜரும் ராசியாயிட்டாங்க. நீ நம்ப மாட்டே. எனக்கே இன்னும் நம்பிக்கை வரல. தூசியைத் திரும்ப உங்க வீட்டுக்கே கொண்டு வந்துட்டேன். முதல் நாள் மேனேஜர் சோபா மேல, தூசி அலமாரி மேல. மறுநாள் ரெண்டும் தரையில, நடுவுல ஒரு முழம் இடம். நேத்து பார்க்கறேன், தூசி மேனேஜர் தட்டுல வாயை வெச்சுடுச்சு. நான் துடைப்பத்தைத் தேடறேன். மேனேஜர் என்ன பண்ணுச்சு தெரியுமா? ரெண்டடி தள்ளி உக்காந்து, நீ சாப்பிடுன்னு தட்டை விட்டுக் கொடுத்துடுச்சு. இன்னிக்கு மத்தியானம் ரெண்டும் ஜன்னலோரம் ஒரே பாய்ல, இது தலை அது வயித்து மேல. அத்தை வந்து பார்த்துட்டு, "நாமளே இப்படி ஒத்துமையா இருந்ததில்லையே"ன்னா.

இப்ப நடுக்கதவு திறந்தே கிடக்கு. நீ வந்து பார்க்கணும்.

உன் மாமா


மார்ச் 19

அக்கா,

கூட வெச்சிருக்கற தாளைப் பாரு. எழுதிட்டேன். அச்சகத்துல மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல உக்காந்து எழுதினேன். கைக்கட்டு அவிழ்த்தாச்சு, எழுத்துதான் இன்னும் கோணல். நிஜத்துல தூசி இஸ்திரி ரூம்லதான் இருக்கு.

நான் வர்றேன்னு சொன்னா நீ கேட்க மாட்டே. அதனால ஒண்ணும் சொல்லல. உனக்கு எப்ப வேணும்னாலும் ஒரு வரி போடு.

தம்பி


ஏப்ரல் 28

அன்புள்ள அக்கா,

எப்படி இருக்கே? பாப்பா எப்படி இருக்கா? நடுவுல ரெண்டு கடிதாசி போட்டேன், ஒண்ணுக்கும் பதில் இல்ல. தபால்காரர் இப்பல்லாம் எங்க வாசலைத் தாண்டும்போது என் முகத்தைப் பார்க்காமப் போறார். போன வாரம் என் வீட்டுக்காரியை விட்டுப் பாப்பா ரூம் ஃபோனுக்குக் கூப்பிடச் சொன்னேன். யாரோ ஒரு பொண்ணு எடுத்து அந்த ஊர் பாஷையில என்னமோ சொல்லிட்டு வெச்சுட்டாளாம்.

இங்க சேதி ஒண்ணுதான். தூசி இஸ்திரி ரூம்ல இல்ல. கதவு திறந்து கிடக்குன்னு ஒரு நாள் பதறிப் போய்த் தேடினா, என் வீட்டுக்காரி மடியில உக்காந்திருக்கு. இவ அதுக்கு மேலயே பேப்பரை விரிச்சுப் படிச்சுக்கிட்டிருக்கா. என்னைப் பார்த்ததும், "குளிருது அதுக்கு"ன்னா. வெளிய வெயில் கொளுத்துது.

ஒரு வரி போடு அக்கா.

தம்பி


மே 17

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். உங்க ரெண்டு பேர் நலத்துக்கும் எழுது.

மேனேஜர் ஒழுங்கா சாப்பிடுதா? வயசாச்சு, பல் ஆடுது, மீனை முள் எடுத்துப் போடு. வீட்ல தண்ணிக் குழாய் ஒழுகும், வாரத்துக்கு ஒரு தடவை திருகி விடு. கரண்ட் பில் வந்தா கட்டிடு. அடுத்த மாசம் நடுவுல வர்றேன்.

தூசிக்கு ஒரு நல்ல இடம் பாரு. தோட்டம் இருக்கற வீடா இருந்தா தேவலை. கடை முதலாளியோட தங்கச்சிக்குப் பூனை பிடிக்கும்னு சொல்வாங்க, அவங்களைக் கேட்டுப் பாரு. நான் வரும்போது அது இருக்க வேண்டாம். மேனேஜருக்கும் அதுக்கும்தான் ஆகாதே. ரெண்டையும் வெச்சு மாரடிக்க எனக்குத் தெம்பில்ல.

இங்க மழை விட்டுடுச்சு.

அக்கா


மே 26

அக்கா,

உன் கடிதாசி வந்துச்சு. பூனை இருக்கு, குழாய் இருக்கு, கரண்ட் பில் இருக்கு. பாப்பாவைப் பத்தி ஒரு வரி இல்ல. திருப்பித் திருப்பிப் படிச்சேன். தாளைப் பின்பக்கம் திருப்பிக்கூடப் பார்த்தேன். என் வீட்டுக்காரிகிட்டக் கொடுத்தேன். அவ படிச்சா. மடிச்சு வெச்சா. அப்புறம் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. எனக்குக் காது கேட்காது, ஆனா கதவு மேல கையை வெச்சேன், அவ அழறது கைக்குத் தெரிஞ்சுச்சு.

எப்பன்னு மட்டும் எழுது. வேற எதுவும் நீ எழுத வேண்டாம்.

தூசியை யாருக்கும் தர முடியாது. நான் சொல்லல, அவ சொன்னா. "உங்கக்கா வந்து என்னை எத்தனை திட்டினாலும் வாங்கிக்கறேன். பூனையைக் கேட்டா கிடையாது"ன்னு சொல்லிட்டா.

தம்பி


ஜூன் 4

தம்பி,

ஏப்ரல் எட்டாம் தேதி, காலையில. நான் முகம் கழுவிட்டு வர்றதுக்குள்ள.

உன் தாள் அதுக்கு முந்தின வாரமே வந்துடுச்சு. படிச்சுக் காட்டினேன். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா. முடிஞ்சதும், "மாமாவுக்குப் பொய் சொல்லவே வரலம்மா"ன்னா. "மேனேஜராவது, தட்டை விட்டுக் கொடுக்கறதாவது. நம்பற மாதிரியா இருக்கு?" நான் தாளை மடிக்கப் போனேன். "திரும்பப் படி"ன்னா. அந்த வாரம் தினமும் படிச்சேன். ஒரே பாய்ல படுத்திருந்த இடம் வரும்போது மட்டும் மெதுவாப் படிக்கச் சொல்வா.

கடைசியாப் படிச்ச அன்னிக்குச் சொன்னா: "நீயும் மாமா மாதிரிதாம்மா. சரியாயிடும் சரியாயிடும்னு சொல்றப்ப உன் மூக்கு சிவந்துடுது. பரவாயில்ல, சொல்லு. கேட்க நல்லாருக்கு." எல்லாம் தெரிஞ்சுதான் இருந்திருக்கா. எனக்காகச் சும்மா இருந்திருக்கா.

நீ ஏப்ரல்ல எழுதினது ஒவ்வொண்ணா வந்துக்கிட்டிருந்துச்சு. "பாப்பா எப்படி இருக்கா"ன்னு நீ கேட்டிருக்கே. உன் கடிதாசியில அவ இருந்தா. பதில் போட்டா அங்கயும் இல்லாமப் போயிடுவா. அதனாலதான் எழுதல. என்னைக் கோவிச்சுக்காதே.

அவ ஆபீஸ் பிள்ளைங்கதான் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டாங்க. ரூமைக் காலி பண்ணிட்டேன். உன் வீட்டுக்காரி ஃபோன் போட்டப்ப எடுத்தது ரூமைப் பார்க்க வந்திருந்த பொண்ணு, அடுத்து அங்க குடி வரப் போறவ.

வர்ற அன்னிக்கு என்னைக் கூப்பிட வராதே. யாரையாவது பார்த்தா அங்கேயே உக்காந்துடுவேன்.

அக்கா


ஜூன் 23

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதாசியைக் கடைப் பையன்கிட்டக் கொடுத்தனுப்பறேன். வந்து கதவைத் தட்டினா நீ திறக்கறதில்ல. மேனேஜர் மட்டும் ஜன்னல்ல உக்காந்து என்னை முறைக்குது. நீ கடைக்குப் போக ஆரம்பிச்சுட்டதா முதலாளி சொன்னார். சாப்பிடறியா? தூங்கறியா?

ஞாயித்துக்கிழமை நீ எங்க வாசல் வரைக்கும் வந்தே. கேட்டுல கையை வெச்சுட்டு நின்னே. நான் மாடியிலிருந்து பார்த்தேன். இறங்கி வர்றதுக்குள்ள திரும்பிப் போயிட்டே. தெரு முனை வரைக்கும் ஓடி வந்தேன். நீ கூப்பிட்டிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

என்னக்கா ஆச்சு? தூசி உன் கண்ணுல படக் கூடாதுன்னா, நீ வரும்போது உள்ள ரூம்ல வெச்சுடறோம். நீ வந்தாப் போதும்.

தம்பி


ஜூன் 25

அன்புள்ள தம்பிக்கு,

சாப்பிடறேன். தூக்கம்தான் சொன்ன பேச்சைக் கேட்கறதில்ல. நீ ஓடி வந்ததை நான் பார்க்கல. பார்த்திருந்தாலும் நின்னிருப்பேனான்னு தெரியல.

அன்னிக்கு உங்க முன் ஜன்னல் திறந்திருந்துச்சு. உன் வீட்டுக்காரி உள்ள நாற்காலியில உக்காந்திருந்தா. அவ மடியில தூசி, முன்னங்காலை மடக்கிக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு. இவ ஏதோ பேசிக்கிட்டே அது காதுக்குப் பின்னால சொறிஞ்சு விடறா. பாப்பா அப்படித்தான் சொறிவா. நான் ஒரு நாளும் அந்தப் பூனையை மடியில வெச்சுக்கிட்டதில்ல தம்பி. அத்தனை வருஷம் சோறு போட்டேன், கதவைத் திறந்து மூடினேன், அவ்வளவுதான். அவ ஃபோன் பண்ணும்போதெல்லாம், "தூசியைக் கொஞ்சம் தூக்கி வெச்சுக்கம்மா"ம்பா. மேனேஜர் கோவிச்சுக்கும்னு சொல்லிடுவேன்.

அதை யாருக்காவது கொடுத்துடுன்னு நான் எழுதினதைக் கிழிச்சுப் போட்டுடு. அது உங்க வீட்லயே இருக்கட்டும், உன் வீட்டுக்காரிகிட்டயே. நான் திட்ட மாட்டேன்னு அவகிட்டச் சொல்லு. என் புத்திக்கு எட்டாதது அவளுக்கு எட்டியிருக்கு.

வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வர்றேன். கதவைத் திறந்து வைங்க. என்னைப் பார்த்து ஒண்ணும் கேட்க வேண்டாம், காப்பி வேண்டாம், ஆறுதலும் வேண்டாம். நான் அந்த நாற்காலியில உக்காந்துக்கறேன். பூனையைக் கொண்டு வந்து என் மடியில வெச்சுட்டு, நீங்க ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் உள்ள போயிடுங்க.

அக்கா